குடியேற்றச் சட்டப்பணி: நம் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒரு தொழில்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் காலை, இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கீற்றுக் கொட்டகையில், ஒரே ஒரு மின்விளக்கின் கீழ், மாலை வகுப்பாகத் தொடங்கிய இச்சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அன்று தரையில் அமர்ந்து படித்தவர்களுள் பலர் இன்று பட்டதாரிகளாய் இவ்வரங்கில் நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றனர். இக்காட்சியைக் காணக் கொடுத்து வைத்தமைக்கு நாம் பெரிதும் மகிழ்கிறோம்.

செயலாளர் அவர்கள், இளைஞர்களுக்குப் பயன்படும் ஒரு தொழிலைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார். ஆசிரியப் பணி, காவல்துறை, வங்கி, தேர்வாணையத் தேர்வுகள் ஆகியவற்றைப் பற்றி இங்கு ஆண்டுதோறும் பேசப்படுகின்றது. நாமும் பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் குடியேற்றச் சட்டப்பணியும், அப்பணியில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்கும் திறனும் ஆகும். ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டிற்குச் செல்வோரின் உரிமைகளையும் ஆவணங்களையும் சட்டப்படி ஒழுங்குசெய்து கொடுப்பதே இத்தொழில். இதைத் தேர்ந்தெடுத்த காரணத்தை முதலில் கூறிவிட வேண்டும். அது நமக்குப் பெருமை தருவதன்று.

ஒரு தவறு

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றிய ஊரில், நம் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியவர் தம் மகனை அழைத்துக்கொண்டு மாலைப் பொழுதில் வீட்டிற்கு வந்தார். மகன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வளைகுடா நாடு ஒன்றில் கட்டட வேலைக்குச் செல்ல முகவர் ஒருவரிடம் பணம் கட்டியிருந்தார்கள். இருந்த அரை ஏக்கர் நிலமும் அடகுக்குப் போயிருந்தது. முகவர் கொடுத்த ஆங்கிலத் தாளை நம்மிடம் நீட்டி, ‘ஐயா, இதில் எல்லாம் சரியாக இருக்கிறதா, படித்துச் சொல்லுங்கள்’ என்றார் பெரியவர்.

நாம் படித்தோம். பெயர் சரியாக இருந்தது. கடவுச்சீட்டு எண் சரியாக இருந்தது. வருகை விசா என்னும் சொல்லும் அதில் இருந்தது. ஒரு நாட்டிற்குச் செல்பவர் எவரும் அங்கே வருகை தருபவர்தாமே என்று எண்ணினோம். ‘எல்லாம் சரியாக இருக்கிறது, தைரியமாக அனுப்புங்கள்’ என்று கூறினோம். பெரியவர் கைகூப்பி விடைபெற்றார்.

வருகை விசாவில் சென்றவர் அந்நாட்டில் வேலை செய்தல் சட்டப்படி குற்றம் என்பது நமக்கு அப்போது தெரியாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். அவர்களை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பதற்கென ஏற்பட்ட ஒப்புதல் அது. அந்தச் சோதனையிலிருந்து தப்புவதற்காகவே முகவர் வருகை விசாவைப் பயன்படுத்தியிருந்தார். அந்த இளைஞன் ஏழு மாதங்கள் உழைத்தான். நான்கு மாதக் கூலி கிடைக்கவில்லை. முறையிடச் சென்றால் தானே குற்றவாளி ஆவான் என்பதை அங்கே சென்ற பின்புதான் அறிந்தான். வெறுங்கையோடு ஊர் திரும்பினான். நிலம் மூழ்கிப்போயிற்று.

அப்பெரியவர் நம்மை ஒருநாளும் குறை கூறியதில்லை. அவர் கூறாமையே இன்றளவும் நமக்குச் சுமையாக இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தால் போதும், எந்தத் தாளையும் படித்துவிடலாம் என்று நாம் இறுமாந்திருந்தோம். எழுத்தறிவு ஒன்று, சட்ட அறிவு மற்றொன்று என்பதை வேறொருவர் கொடுத்த விலையில் கற்றுக்கொண்டோம். அன்று முதல் இத்துறையைப் பற்றித் தேடிப் படித்து வருகிறோம். அதில் கிடைத்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முன்னோர் கைரேகை

தாளைப் படிக்க இயலாமல் கடல் கடந்தவர் அந்த இளைஞன் ஒருவன் மட்டும் அல்லன். 1860 நவம்பர் 16ஆம் நாள், ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைச் சுமந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். அதன் பின் 1911 வரை அங்கே சென்றவர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். நம் மக்களும் அவர்களிடையே கணிசமாக இருந்தனர். கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம் என எல்லாம் எழுதப்பட்டன. எழுதியவர் வேறு, எழுதப்பட்டவர் வேறு. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற அத்தாளில் என்ன இருந்தது என்பதைப் படித்துப் பார்த்து ஒப்பியவர் மிகச் சிலரே.

ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்று 1895இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கூலிக்காரருக்கு அது பெருந்தொகை. கட்ட இயலாதவர் மீண்டும் ஒப்பந்தத்தில் விழவேண்டியதாயிற்று. பெரும் போராட்டத்திற்குப் பின் 1914இல்தான் அவ்வரி நீங்கிற்று.

இவ்விடத்தில் நம் சமூகத்தின் பெருந்தலைவர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்ததும், அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டதும் நீங்கள் அறிந்தவை. ஆனால் அதற்கு முன்பே, கடல் கடந்த மண்ணில், தமிழன் சொல்வதை நீதிபதிக்கும் நீதிபதி சொல்வதைத் தமிழனுக்கும் எடுத்துச் சொல்லும் இடத்தில் நம்மவர் ஒருவர் நின்றிருந்தார். நாம் இன்று பேசும் தொழிலுக்கு அவரே நமக்கு முன்னோடி.

தொழிலின் இயல்பு

குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தொழில் மிகப் பெரிதாக வளர்ந்திருப்பதாலும், நம் மாணவி ஒருவர் அந்நாட்டு வழக்குகளிலேயே பணியாற்றுவதாலும், அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இந்தியர் அந்நாட்டிற்குள் குடியேறுவதற்கு 1917ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. 1946இல் கதவு சிறிது திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் என்று அளவிட்டார்கள். 1952இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டத்தை 1965இல் பெரிதும் திருத்திய பின்னரே உறவின் அடிப்படையிலும் தொழில் திறமையின் அடிப்படையிலும் நம் நாட்டவர் பெருமளவில் செல்ல வழி ஏற்பட்டது. இன்று அங்கு செல்வோர்க்கு முக்கிய வழிகள் மூன்று: குடும்ப உறவு, வேலை, புகலிடம்.

வழி மூன்றாயினும் வாசல்கள் பல. விண்ணப்பங்களை ஆராய்வது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள குடியேற்றப் பணிகள் அலுவலகம். விசா வழங்குவது வெளியுறவுத் துறையின் தூதரகம். அதன் கிளை சென்னையிலும் இருக்கிறது. வேலைக்கு அழைக்கும் முதலாளி உரிய ஊதியம் தருகிறாரா என்று பார்ப்பது தொழிலாளர் துறை. நாடு கடத்தும் வழக்குகளை விசாரிக்கும் குடியேற்ற நீதிமன்றங்களோ நீதித் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. ஒரே குடும்பத்தின் காகிதம் இத்தனை வாசல்களிலும் நுழைந்து வெளிவரவேண்டும். ஒரு வாசலில் எழுதியதற்கும் மற்றொரு வாசலில் எழுதியதற்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் கேள்வி எழும்.

இதில் ஒரு நாளின் மதிப்பு எத்தகையது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்வோம். வேலை வழியாக ஓராண்டில் வழங்கப்படும் நிரந்தர வாழுரிமை ஏறக்குறைய 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் அதில் 7 விழுக்காட்டிற்கு மேல் போகலாகாது என்பது பொதுவிதி. இந்தியாவில் பிறந்து விண்ணப்பிப்போர் மிகுதி. ஆகவே அவர்களின் வரிசை பல ஆண்டுகள் நீள்கிறது. வரிசையில் ஒருவருக்குரிய இடத்தை முடிவு செய்வது முன்னுரிமை நாள் எனப்படும் ஒரு தேதி. காத்திருக்கும் காலத்தில் குழந்தைகள் வளர்ந்துவிடுகின்றனர். இருபத்தொரு வயது நிறைந்த பிள்ளை, பெற்றோரின் விண்ணப்பத்தோடு சேர்ந்து செல்லும் உரிமையை இழப்பான்.

இக்கொடுமையை ஓரளவு குறைக்க 2002இல் ஒரு சட்டம் வந்தது. வரிசை தம்மை எட்டும் நாளில் பிள்ளையின் வயது எவ்வளவோ, அதிலிருந்து மனு அலுவலகத்தில் தேங்கிக் கிடந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு வயது 22 ஆண்டு 3 மாதம்; மனு தேங்கிக் கிடந்தது 1 ஆண்டு 6 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 20 ஆண்டு 9 மாதம். பிள்ளை பெற்றோருடன் செல்லலாம். ஆனால் ஓராண்டிற்குள் அதற்குரிய விண்ணப்பத்தைச் செய்யவேண்டும். நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் கற்பிக்கும் கழித்தல் கணக்குத்தான் இது. அதைச் சரியாகச் செய்பவரின் கையில் ஒரு குடும்பம் சேர்ந்து வாழ்வதும் பிரிந்து வாழ்வதும் இருக்கின்றன.

புகலிடம் கோருவோர் நிலை இதனினும் கடினம். தம் நாட்டில் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர், வந்த நாளிலிருந்து ஓராண்டிற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. அந்நாட்டில் குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசு தன் செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தரும். குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பவருக்கோ அந்த உரிமை இல்லை. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் செலவில் அன்று என்று சட்டமே கூறுகிறது. பொருளில்லாதவர் தாமே நின்று வாதாடவேண்டும். குழந்தைகளும் அவ்வாறு நிற்க நேர்கிறது. ஆதலால் இத்தொழிலில் பொருளீட்டவும் இடமுண்டு. அறம் செய்யவும் இடமுண்டு.

ஒருவருடைய சொல்லை நேரில் கேட்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் கனடா நாட்டுத் தீர்ப்பு ஒன்று சான்று. அகதி நிலை கோருவோரின் கோரிக்கையைக் காகிதத்தில் மட்டும் பார்த்துத் தள்ளும் வழக்கம் அங்கே இருந்தது. ஒருவர் கூறுவது உண்மையா பொய்யா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவரை நேரில் வாய்மொழியாக விசாரிக்காமல் முடிவு செய்தல் தகாது என்று 1985 ஏப்ரல் 4ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலர் அஞ்சாமல் நடத்திய வழக்கினால், பின்னர் அந்நாட்டில் தஞ்சம் புகுந்த எண்ணற்ற மக்கள் பயன் பெற்றனர்.

பணியின் படிநிலைகள்

இத்தொழிலில் வழக்கறிஞர் மட்டும் இருப்பதில்லை. ஆவணங்களைத் திரட்டுவோர், படிவங்களை நிரப்புவோர், மொழிபெயர்ப்போர், வழக்கின் போக்கைக் கண்காணிப்போர், இவர்களையெல்லாம் ஒருங்கிணைக்கும் குழுத் தலைவர் எனப் பல படிகள் உண்டு. வழக்கறிஞர் அல்லாதவரும், இலாப நோக்கமற்ற அறநிலையங்களில் பணியாற்றிப் பயிற்சி பெற்று, அமெரிக்க நீதித் துறையின் அங்கீகாரத்தோடு ஏழைகளுக்காக வாதாடலாம். அந்த அங்கீகாரம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பின் புதுப்பிக்க வேண்டும்.

நாம் குறிப்பிட்ட மாணவி, விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள். நம் பள்ளியில் பயின்று, வணிகவியலில் பட்டம் பெற்றவர். சென்னையில், அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு ஆவணங்களை ஆயத்தம் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். முதல் ஆறு மாதம் தாள்களை வரிசைப்படுத்தி எண்ணிடும் வேலை. அடுத்துப் படிவம் நிரப்பும் வேலை. நான்காம் ஆண்டில் ஒன்பது பேருக்குத் தலைவரானார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவர் நம்மிடம் கூறியவை பல. அவற்றுள் சில தலைமை ஆசிரியராகிய நமக்கே பாடமாக அமைந்தன.

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டில் ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் மட்டும் எழுதி, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எப்.என்.யு.’ என்று அச்சாகும். முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள். படித்துப் பட்டம் பெற்றவர் பெயரில்லாதவராய் அந்நாட்டில் போய் இறங்குகிறார்.

பிறந்த நாளும் அவ்வாறே. நம் பெற்றோர் பலர் வீட்டில் பிறந்தவர்கள், பதிவு இல்லை. பள்ளியில் சேர்க்கும் நாளில், வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று கொண்டு, ஆசிரியரே ஒரு தேதியை எழுதினார். 1970 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று இல்லாதபோது பள்ளிச் சான்றையும் உறுதிமொழிப் பத்திரங்களையும் அமெரிக்க அலுவலகங்கள் பார்க்கின்றன. ‘ஐயா, மாற்றுச் சான்றிதழில் நீங்கள் ஒரு எழுத்தைத் தவறாக எழுதினால், நாங்கள் அதைத் திருத்துவதற்கு ஓராண்டு ஆகிறது’ என்றார் அம்மாணவி. அதன் பிறகு நம் அலுவலகத்தில் பெற்றோரை எதிரே அமர்த்தி, பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் எந்தச் சான்றிதழிலும் நாம் கையொப்பமிடுவதில்லை.

தமிழில் உள்ள சான்றுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்கவேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையானது, பிழையற்றது, அதைச் செய்யத் தமக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரு மொழியும் செவ்வனே கற்ற நம் பிள்ளைகளுக்கு இஃது ஒரு வாயில்.

குழுத் தலைமை

இனித் தலைமையைப் பற்றி. ஒன்பது பேருக்குத் தலைவராக வேண்டும் என்று மேலாளர் கூறியபோது அம்மாணவி தயங்கினார். தொலைபேசியில் நம்மை அழைத்து, ‘ஐயா, அவர்களில் ஐந்து பேர் என்னைவிட மூத்தவர்கள். பெரிய பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களுக்கு நான் எப்படி வேலை சொல்வேன்?’ என்று கேட்டார். தலைமுறை தலைமுறையாக வேலை சொல்லக் கேட்டே பழகிய வீட்டுப் பிள்ளையின் கேள்வி அது. ‘நீ சொல்லப்போவது உன் வார்த்தை அன்று, அம்மா. அந்தக் கோப்புக்கு உரிய குடும்பத்திற்கு எது தேவையோ அதைத்தான் சொல்லப்போகிறாய். அதைக் கேட்க எவருக்கும் மூப்பு தடையாகாது’ என்றோம். அவர் பொறுப்பை ஏற்றார்.

சில மாதங்களில் ஒரு சோதனை வந்தது. நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். குழுவின் இளையவர் ஒருவர், ஒரு குழந்தை பிறந்த ஏப்ரல் 7ஆம் நாளை ஜூலை 4 என்று பொருள்படும்படி நிரப்பிவிட்டார். படிவம் வழக்கறிஞரின் கையொப்பத்திற்குப் போய்விட்டது. அடுத்த நாள் காலையில் அதைக் கண்ட இளையவர் அஞ்சி மறைக்க முயன்றார். மாணவி அறிந்தவுடன், ஒரு மணி நேரத்திற்குள் வழக்கறிஞருக்குத் தெரிவித்தார். ‘சரிபார்த்தது நான்; பிழை என்னுடையது’ என்று எழுதினார். அனுப்பப்படுமுன் படிவம் திருத்தப்பட்டது. அன்றிலிருந்து அக்குழுவில் மாதத்தை எண்ணால் எழுதிக் குறிப்பெடுப்பதில்லை, எழுத்தாலேயே எழுதுகின்றனர். அந்த இளையவர் இன்றும் அக்குழுவில்தான் இருக்கிறார். பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதில் அவரே முதல்வர் என்று கேள்விப்படுகிறோம்.

இவற்றிலிருந்து குழுத் தலைவருக்கு வேண்டிய பண்புகளாக நாம் தொகுத்துக்கொண்டவை ஐந்து.

முதலாவது, ஆளறிந்து பணி தருதல். நுணுக்கமாகப் பார்ப்பவருக்குச் சரிபார்க்கும் வேலை. அன்பாகப் பேசுபவருக்கு மக்களிடம் விவரம் கேட்கும் வேலை.

இரண்டாவது, நாளைக் காத்தல். கூடுதல் சான்று கேட்டு அலுவலகம் கடிதம் அனுப்பினால், விடை கூற அதிக அளவாக 84 நாட்களே கிடைக்கும். நாள் தவறினால் மனு தள்ளப்படும். ஆகவே எல்லார் கண்ணிலும் படும்படி ஒரே நாட்குறிப்பு வேண்டும்.

மூன்றாவது, இரண்டாவது கண். எழுதியவரே சரிபார்த்தல் கூடாது. தலைவர் எழுதியதையும் மற்றொருவர் பார்க்கவேண்டும்.

நான்காவது, பிழையை ஒளிக்காமை. பிழை செய்தவன் அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய இடமாகத் தலைவர் தம் இருக்கையை வைத்திருக்கவேண்டும்.

ஐந்தாவது, வாய் காத்தல். மக்கள் தம் துயரங்களையெல்லாம் நம்பிச் சொல்கின்றனர். அவை அலுவலக வாயிலைத் தாண்டலாகாது.

இவற்றோடு விதிமாற்றத்தைத் தொடர்ந்து அறியும் பழக்கமும் வேண்டும். தனித்திறன் பணியாளருக்கான எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 85,000. அதற்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் செலுத்தவேண்டும் என்று 2025 செப்டம்பர் 19ஆம் நாள் அந்நாட்டு அதிபர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இரண்டே நாளில் அது நடைமுறைக்கு வந்தது. நேற்றுப் படித்தது இன்று போதாத தொழில் இது.

எல்லை கடவாமை

தகுதியில்லாதவர் சட்ட ஆலோசனை கூறுதல் பெருந்தீங்கு. பிரிட்டனில், பதிவு பெறாமல் குடியேற்ற ஆலோசனை வழங்குவதை 1999ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டணம் பெறும் ஆலோசகர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் ஒரு மோசடி பெயர் பெற்றது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் ‘நோட்டரியோ’ என்பவர் சட்டம் பயின்ற உயர் அலுவலர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையொப்பத்திற்குச் சான்று கூறுபவர் மட்டுமே. இப்பெயர் மயக்கத்தைப் பயன்படுத்தி, ஏழைக் குடியேறிகளிடம் பணம் பறித்து, அவர்கள் வழக்கையும் கெடுத்தவர் பலர். நாம் அன்று ‘எல்லாம் சரி’ என்று கூறியதும் தகுதியில்லாதவன் கூறிய ஆலோசனைதான். பணம் வாங்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

மாணவர்கள் செய்யவேண்டியவை

மாணவச் செல்வங்களே! முதற்படி பத்தாம் வகுப்பு. அதில் தேறியவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சரிபார்ப்புத் தேவை என்னும் முத்திரை விழாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. பட்டம் பெற்றவர்க்கு மூன்றாண்டுப் படிப்பு. நம் மாநிலத்தில் அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தியச் சட்டப் பட்டம் பெற்றவர் அமெரிக்காவில் முதுநிலைச் சட்டம் பயின்று, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நியூயார்க் மாநிலத்தில் வழக்கறிஞர் தேர்வு எழுத வழியுண்டு. குடியேற்றச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே ஆகையால், ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் எம்மாநிலத்திலும் இவ்வழக்குகளை நடத்தலாம்.

பொருளுக்கு என் செய்வது என்று கேட்பீர்கள். மைய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 35 வயதிற்குட்பட்ட நம் மாணவருக்கு முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் கிடைக்கிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்ற அண்ணல், 1922இல் இலண்டனில் வழக்கறிஞரானார். அவர் சென்ற வழி அடைபட்டுவிடவில்லை. சட்டம் பயில இயலாதவரும் சோர்வுற வேண்டா. நல்ல ஆங்கிலம், நல்ல தமிழ், பிழையற்ற தட்டச்சு, பொறுமை ஆகியவை இருந்தால் முதற்படியில் கால் வைக்கலாம்.

ஒரு வேண்டுகோள்

நிறைவாகச் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றும் நம் தெருக்களிலிருந்து மாதந்தோறும் இளைஞர்கள் கடல் கடக்கின்றனர். ஞாயிறுதோறும் இச்சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போடுவோம். பயிற்சி பெற்ற இருவர் அமரட்டும். வேலைக்குச் செல்வோர் தம் தாள்களைக் கொண்டுவரட்டும். விசா வேலைக்கு உரியதா, முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா, சட்டம் அனுமதிக்கும் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கட்டணம் கேட்கிறாரா, கொடுத்த பணத்திற்குப் பற்றுச்சீட்டு உண்டா, ஒப்பந்தத்தில் கூலி எழுதப்பட்டுள்ளதா என ஐந்து கேள்விகள் போதும். ஐயம் எழுந்தால் நாமே தீர்ப்புக் கூறாமல், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திற்கு அவர்களை அழைத்துச் செல்வோம். அம்மாணவி முதல் பயிற்சி வகுப்பை நடத்தித் தர இசைந்திருக்கிறார். முதல் ஞாயிறன்று ஒரு நாற்காலியில் நாம் அமர்கிறோம். தீர்ப்புக் கூற அன்று, கற்றுக்கொள்ள.

அப்பெரியவர் இன்று இல்லை. அவருடைய பேரன் இவ்வரங்கின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறான்; சட்டம் படிக்க விரும்புவதாக நம்மிடம் சென்ற வாரம் கூறினான். அவனுக்குரிய விண்ணப்பத்தை நிரப்பித் தரும் பொறுப்பை நாம் ஏற்றிருக்கிறோம். ஆனால் இம்முறை அதை இரண்டாவது ஒருவர் சரிபார்ப்பார்.